பூம்பாவை: கூப்பிடறதுக்குன்னே ஒரு பேர்

போன வாரம் ஏன் எபிசோட் வரலைன்னு சில பேர் கேட்டிருந்தீங்க. வீட்டில் ஒரு பஞ்சாயத்து. தை மாசம் எங்க அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அடையாறு வீட்டுக்குக் குழந்தை வந்த நாளிலிருந்து எங்க குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒரே தலைப்புதான்: பாப்பாவுக்கு என்ன பேர். மாமா ஒரு கூகுள் ஷீட் போட்டார். நாற்பது பேர் இருந்தது. பாதிக்கு மேல் 'ஷா', 'ஷிகா', 'ஷிதா'ன்னு முடியும். ஒரு எழுத்தை மாற்றினால் அடுத்த பேர். ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க் லிஸ்ட் பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு.

ஒரு ராத்திரி அக்கா அந்த ஷீட்டில் நாற்பத்தி ஒண்ணாவது வரிசையில் தமிழில் டைப் பண்ணினாள்: பூம்பாவை.

அரை மணி நேரம் குரூப்பில் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் மயிலாப்பூரிலிருந்து எங்க ஆயா ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினாங்க. "அந்தப் பேரு மட்டும் வேணாம் கண்ணு. வேற எது வேணாலும் வையி."

ஏன் வேணாம்னு எங்க எல்லாருக்கும் தெரியும். ஆயாவோட அக்கா பேர் பூம்பாவை. நாங்க 'பெரியாயா'ன்னு கூப்பிடுவோம். ஸ்கூல் டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒரு போர்ஷனில் கடைசி வரைக்கும் தனியா இருந்தாங்க. கல்யாணம் பண்ணிக்கலை. நான் காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது தவறிட்டாங்க. அவங்களைப் பற்றி வீட்டில் யார் பேசினாலும் கடைசியில் ஒரு வரி வரும்: "என்ன பண்றது, பேர் ராசி அப்படி." சின்ன வயசில் எனக்கு அது புரிஞ்சதில்லை. மயிலாப்பூர்க்காரங்களுக்குப் புரியும். பூம்பாவை கதையில் வரும் பெண் பாம்பு கடிச்சு சாகிறாள், உயிரோட திரும்பி வருகிறாள், ஆனால் கல்யாணம் நடக்காது. அந்தப் பேரை வெச்சா அந்தக் கதையும் கூட வரும்ங்கிறது ஆயாவோட பயம்.

"நீதான் பாட்காஸ்ட்ல எல்லாத்துக்கும் வேர் தேடுவியே, இதையும் தேடு. பேர்ல நிஜமாவே தோஷம் இருந்தா நானே ஷீட்ல இருந்து அழிச்சிடறேன்"னு அக்கா என்கிட்ட சொல்லிட்டா. அந்தத் தேடல்தான் இந்த எபிசோட்.

முதலில் கதை. எல்லாருக்கும் தெரிந்த வடிவம் பெரியபுராணத்தில் இருக்கு. எழுதியவர் சேக்கிழார், 12ஆம் நூற்றாண்டு, இரண்டாம் குலோத்துங்க சோழன் காலம். சொந்த ஊர் குன்றத்தூர். ஆமாம், போரூர் தாண்டி நம்ம ஆபீஸ் நண்பர்கள் ஃப்ளாட் வாங்குகிற அதே குன்றத்தூர்தான்.

மயிலாப்பூரில் சிவநேசர்னு ஒரு பெரிய வணிகர். அவருக்கு ஒரே பெண். பூவின் மேல் உட்கார்ந்திருக்கும் திருமகள் மாதிரி இருந்ததால் பூம்பாவைன்னு பேர் வைத்தார்கள் என்று சேக்கிழாரே காரணம் சொல்கிறார். திருஞானசம்பந்தரின் புகழைக் கேட்ட சிவநேசர், அவரைப் பார்க்கும் முன்பே, என் மகளும் என் சொத்தும் அவருக்குத்தான் என்று முடிவு பண்ணிவிடுகிறார். ஏழு வயதில் தோட்டத்தில் பூப்பறிக்கும்போது பெண்ணைப் பாம்பு கடிக்கிறது. வைத்தியம் பலிக்கவில்லை. தகனம் பண்ணி, எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் போட்டு, அந்தக் குடத்துக்குப் பட்டும் நகையும் சார்த்தி, கன்னிமாடத்திலேயே வைத்துக் காக்கிறார் அப்பா. மகளை இழந்த ஒருவர் என்ன செய்வார் என்பதற்கு இதைவிடக் கஷ்டமான காட்சி எனக்குத் தெரியலை. நம்புகிறோமா இல்லையாங்கிறது வேற விஷயம்.

சில வருஷம் கழித்து சம்பந்தர் திருவொற்றியூர் வருகிறார். தகவல் தெரிந்ததும் சிவநேசர் மயிலாப்பூரிலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் வழியெல்லாம் பந்தல் போடுகிறார். இப்போ லஸ் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருப்பதைத் தாண்டி அந்த ரூட்டில் ஒரு தடவை பைக்கில் போய்ப் பாருங்க, அந்தப் பந்தலோட மதிப்பு தெரியும். சம்பந்தர் வந்து, குடத்தைக் கோவில் மதிலுக்கு வெளியே கொண்டுவரச் சொல்லி, ஒரு பதிகம் பாடுகிறார். குடம் உடைந்து பெண் எழுந்து வருகிறாள். வரும்போது பன்னிரண்டு வயதுப் பெண்ணாக வருகிறாள். அதாவது சாம்பலாக இருந்த காலமும் அவள் வயதில் சேர்ந்துவிட்டது.

சிவநேசர், வாக்குப்படி இவளை ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறார். சம்பந்தர் மறுக்கிறார். நீங்கள் பெற்ற பெண் பாம்பால் இறந்துவிட்டாள், இவள் சிவன் அருளால் நான் மறுபடி வரவழைத்தவள், எனக்கு மகள் முறை என்கிறார். அவர் ஊரைவிட்டுப் போய்விடுகிறார். வேறு யாருக்கும் கட்டிக்கொடுக்க அப்பாவுக்கு மனசில்லை. பெண் கன்னிமாடத்தில் சிவனை நினைத்தே இருந்து முடிகிறாள்.

ஆயாவோட பயத்துக்கு ஆதாரம் இந்தக் கடைசிப் பகுதிதான். ஆனால் கொஞ்சம் நின்னு பார்த்தால், கல்யாணம் பற்றிய பேச்சு முழுக்க இரண்டு ஆண்களுக்கு நடுவில் நடக்கிறது. ஒருத்தர் கொடுக்கிறேன் என்கிறார், ஒருத்தர் வேண்டாம் என்கிறார், முதலாமவர் அப்போ யாருக்கும் இல்லை என்கிறார். இதில் அந்தப் பேருக்கு என்ன சம்பந்தம்? பேர் மேலே எப்படிப் பழி வரும்?

சரி, பேருக்கு வருவோம். பூ, பாவை. ரெண்டும் தமிழ். 'பூ'வை விளக்க வேண்டாம். நடுவில் வரும் 'ம்' மட்டும் ஒரு சின்ன சுவாரஸ்யம். 'பூ'வுக்குப் பின்னால் க, ச, த, ப வந்தால் அதற்கு இனமான மெல்லெழுத்து நடுவில் வரலாம்னு நன்னூல் ஒரு விதி வைத்திருக்கு. கொடி வந்தால் பூங்கொடி, சோலை வந்தால் பூஞ்சோலை, தோட்டம் வந்தால் பூந்தோட்டம், பாவை வந்தால் பூம்பாவை. பூம்புகாரும் இதே கணக்கு. வல்லெழுத்தும் வரலாம்: பூக்கடை, பூச்செடி. கடைக்குப் போகும்போது வல்லெழுத்து, கவிதைக்குப் போகும்போது மெல்லெழுத்துன்னு நான் ஒரு கணக்கு வைத்திருக்கேன். இலக்கண வாத்தியார்கள் மன்னிக்கவும். நாலு வரி கோடில் எழுதிவிடலாம் இந்த விதியை. எழுதியும் பார்த்தேன்.

உண்மையான புதையல் 'பாவை'தான். அடிப்படை அர்த்தம் பொம்மை, அதாவது மனுஷ உருவம் மாதிரி செய்தது. தோல்பாவைக் கூத்து தெரியும்தானே, அதில் பாவை என்றால் தோலில் வெட்டிய உருவம். ஒரு பெண் கையில் விளக்கேந்தி நிற்கிற மாதிரி வார்த்த விளக்குக்குப் பாவை விளக்கு. அகிலன் அந்தப் பேரில் நாவல் எழுதினார், 1960இல் படமாகவும் வந்தது. சங்கப் பாடல்களில் கொல்லிப்பாவை வருது. கொல்லிமலையில் தெய்வம் செய்து வைத்த ஒரு அழகான உருவம்னு நற்றிணையும் குறுந்தொகையும் சொல்லுது. காதலி அழகைச் சொல்லணும்னா அந்தப் பாவையை இழுத்துவிடுவார்கள் அந்தக் காலத்துக் கவிஞர்கள். மார்கழியில் பெண்கள் இருந்த பாவை நோன்பிலிருந்துதான் ஆண்டாளின் திருப்பாவையும் மாணிக்கவாசகரின் திருவெம்பாவையும். திருவெம்பாவை கப்பலேறி பாங்காக் வரைக்கும் போயிருக்கு. அங்கே அரண்மனைப் பிராமணர்கள் செய்யும் சடங்குக்குப் பேர் 'திரியம்பாவாய்'. அதற்காக நட்ட பெரிய சிவப்பு ஊஞ்சல் கம்பம் இன்னைக்கும் நடுரோட்டில் நிற்குது. ஊஞ்சலாடுவதை மட்டும் 1935இல் நிறுத்திவிட்டார்கள். ட்ரிப் போனால் செல்ஃபி எடுப்பீங்க, எடுக்கும்போது இந்தச் சொல்லை நினைச்சுக்குங்க.

பொம்மையிலிருந்து பெண்ணுக்கு வந்தது இந்தச் சொல். "பொம்மை மாதிரி இருக்கா"ன்னு இப்பவும் சொல்றோமே, அதேதான். ஆனால் எனக்குப் பிடிச்சது இன்னொரு அர்த்தம். கண்ணின் கருமணிக்குள்ள ஒரு குட்டி உருவம் தெரியும். எதிரில் நிற்கிறவரோட பிம்பம். அதுக்கும் பாவைன்னுதான் பேர். 'கண்பாவை'ன்னு பழைய வழக்கு. கண்ணைப் பார்த்து 'உள்ளே ஒரு பாப்பா தெரியுது'ன்னு குழந்தைகளிடம் விளையாடுவோமே, அது. இதில் அதிசயம் என்னன்னா லத்தீன்காரனும் இதையே பார்த்து இதையே யோசிச்சிருக்கான். ஆங்கிலத்தில் கருமணிக்கு 'ப்யூப்பில்'னு சொல்றோமே, அது 'ப்யூப்பில்லா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அர்த்தம் குட்டிப் பொம்மை, சின்னப் பெண். கிரேக்கத்தில் 'கோரே' என்றாலும் பெண்ணும் கருமணியும் ஒன்றே. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பியடிச்சிருக்க வேண்டியதில்லை. அடுத்தவர் கண்ணுக்குள் தன்னைக் குட்டியாப் பார்க்கிற அனுபவம் எல்லா ஊரிலும் ஒண்ணுதான்.

திருவள்ளுவர் இந்தப் பாவையோட நேராப் பேசியே இருக்கார். காமத்துப்பாலில் 1123ஆவது குறள். காதலன் தன் கண்மணிக்குள் இருக்கும் பாவையைக் கூப்பிட்டு, நீ கிளம்பு, என் காதலி வந்து உட்கார இடம் வேணும்னு சொல்கிறான். வள்ளுவரை மயிலாப்பூர்க்காரர்னு ஊர் உரிமை கொண்டாடுது. முண்டகக்கண்ணி அம்மன் கோவில் பக்கத்தில் அவருக்கே ஒரு கோவில் இருக்கு. ஆக அந்த மயிலாப்பூர்க்காரர் ஒரு பாவையைப் பார்த்து 'போ'ன்னார். கொஞ்ச நூற்றாண்டு கழிச்சு மயிலாப்பூருக்கு வந்த சம்பந்தர் இன்னொரு பாவையைப் பார்த்து எதிர்க் கேள்வி கேட்டார். இப்போ அங்கே போவோம். நான் வேர் தேடின வேலையில் ஆயாவுக்குச் சொல்ல வேண்டியது அங்கேதான் கிடைச்சது.

சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டு. அவர் பாடிய மயிலைப் பதிகம் தேவாரத்தில் இரண்டாம் திருமுறையில் 47ஆவது. பண் சீகாமரம். 'பூம்பாவைப் பதிகம்'னே பேர். செத்தவளை எழுப்பிய பாட்டாச்சே, பாம்பு, விஷம், எமன் எல்லாம் வரும்னு எதிர்பார்த்துத்தான் நான் படிச்சேன். ஒண்ணும் வரலை. பாம்பு இல்லை. குடம் இல்லை. சிவநேசர் இல்லை. 'எழுந்து வா'ன்னு ஒரு இடத்தில் கூட இல்லை.

இருப்பது ஒரு கேலண்டர். நிஜமாவே கேலண்டர். முதல் பாட்டில் அடியார்களுக்குச் சோறு போடும் விழா. இரண்டாவதில் ஐப்பசி ஓணம். அப்புறம் கார்த்திகை விளக்கு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், அட்டமி விழா, பொன்னூஞ்சல், பெருஞ்சாந்தி. பத்துப் பாட்டு, பத்து விழா. ஒவ்வொரு பாட்டும் ஒரே கேள்வியில் போய் முடியும்: இதையெல்லாம் பார்க்காமலே போயிடப் போறியா, பூம்பாவாய்? பதினோராவது பாட்டு வழக்கமான முடிவுரை. வழக்கம்போல் பத்தாம் பாட்டில் சமணரையும் பௌத்தரையும் ஒரு இடி இடிக்கிறார். இன்றைக்குப் படிக்கும்போது அந்த இடம் எனக்கு உறுத்தத்தான் செய்யுது. அதை விட்டால் மீதி எல்லாம் ஊர்ப் பெருமை. கடற்கரை, புன்னை மரம், தென்னஞ்சோலை, மீனவர் குப்பம், ஜனங்க நெரிசல் அடிக்கிற தெரு.

ஒரு விஷயம் கவனிச்சேன். அந்த விழாவெல்லாம் யார் கொண்டாடுறாங்க? கார்த்திகை விளக்கேற்றுவது வளையல் போட்ட பெண்கள். தைப்பூசத்துக்கு நெய்ச்சோறு சமைத்துக் கொண்டாடுவதும் பெண்கள். அதாவது இந்தப் பெண்ணோட வயசை ஒட்டினவங்க, இவளும் பெரியவளாகியிருந்தால் கூடப் போயிருக்க வேண்டிய கூட்டம். "உன் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வந்தாச்சு, நீ எங்கே?"ன்னு அனுப்புற மெசேஜ் மாதிரி இருக்கு.

ஓணத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருப்பீங்க. ஓணம் ஒரு காலத்தில் தமிழ்நாட்டு விழாவும்தான், மதுரைக்காஞ்சியிலேயே வருது. இங்கே ஐப்பசியில் கொண்டாடியிருக்காங்க. இப்போ நமக்கு அது பக்கத்து வீட்டு சத்யா ஓட்டல் தாண்டாத... சரி விடுங்க, ஆபீஸில் செட் புடவை கட்டி பூக்கோலம் போடுற நாள். ஆனால் தைப்பூசத்தை ஒட்டி மயிலாப்பூர் குளத்தில் தெப்பம் இன்னைக்கும் விடறாங்க. மாசி மகத்துக்கு சாமி மெரினாவுக்குப் போகுது. பங்குனித் திருவிழா பத்து நாள். 1,300 வருஷத்துக்கு மேலே பழைய லிஸ்ட், பாதி இன்னும் ஆக்டிவா இருக்கு. இத்தனைக்கும் அன்றைய கோவிலே வேற. அவர் பார்த்தது கடலோரக் கோவில். அது போர்த்துகீசியர் சாந்தோமில் இருந்த 16ஆம் நூற்றாண்டில் அழிந்தது, இப்போ இருப்பது அதற்குப் பின்னால் உள்ளே தள்ளிக் கட்டியதுங்கிறதுதான் பரவலான கருத்து. கோவில் இடம் மாறியும் லிஸ்ட் மாறலை.

இன்னொண்ணு, இது என் சொந்த யோசனை. பதிகத்தில் 'பூம்பாவாய்' என்பது ஒருத்தியோட பேர்தானா, இல்லை 'பூ மாதிரி இருக்கிற பெண்ணே'ன்னு பொதுவாக் கூப்பிடறதா? பாட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் ரெண்டுக்கும் இடம் இருக்கு. திருப்பாவையில் ஒவ்வொரு பாட்டு முடிவிலும் வரும் 'எம்பாவாய்' யாரோட பேரும் இல்லையே. கதையை முழுசா நாம் படிப்பது சேக்கிழார் வழியாக. அவர் சம்பந்தருக்கு ஏறக்குறைய 500 வருஷம் பின்னால். நடுவில் ஊர் வாயில் கதை இருந்திருக்கும். ஆனால் கல்யாணம் நடக்காத அந்த முடிவு பாட்டில் இல்லை, புராணத்தில்தான் இருக்கு. பாட்டில் இருப்பது ஒரு குரல், கூப்பிடுற குரல்.

இலக்கணத்திலும் அதற்கு சாட்சி உண்டு. 'ஐ'யில் முடியும் பேரைக் கூப்பிடும்போது 'ஆய்'னு மாறும். அன்னை, அன்னாய். பாவை, பாவாய். இதற்கு விளி வேற்றுமைன்னு பேர், எட்டாம் வேற்றுமை. ஸ்கூலில் யாரும் சீரியஸா எடுத்துக்காத கடைசி வேற்றுமை. இந்தப் பேர் அந்த வடிவத்தில்தான் நம்ம காதில் அதிகமா விழுந்திருக்கு. 2007இல் வந்த 'சிவாஜி' படத்தில் 'வாஜி வாஜி' பாட்டைக் கேட்டிருப்பீங்க, ரஹ்மான் மியூசிக். அதிலும் 'பூம்பாவாய்'தான், 'பூம்பாவை' இல்லை. கூப்பிடறதுக்குன்னே இருக்கிற பேர் இது.

இதையெல்லாம் லேப்டாப்பில் நோட்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, பங்குனித் திருவிழாவில் அறுபத்து மூவர் அன்னைக்குக் காலையில் ஆயாவைக் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போனேன். சாயந்திரக் கூட்டத்துக்கு எல்லாரும் வருவாங்க, நாயன்மார் அறுபத்து மூவரும் வீதி உலா வருவது அப்போதானே. ஆனால் அன்னைக்குக் காலையில், குளத்தங்கரையில், பூம்பாவையை எழுப்புற நிகழ்ச்சியை வருஷா வருஷம் நடத்துறாங்க. சம்பந்தர் வருவார், சிவநேசர் வருவார், குடம் வரும், ஓதுவார் அந்தப் பதிகத்தைப் பாடுவார். எட்டு மணி வெயிலே பல்லைக் காட்டியது. ஆயா குடையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுச் சுவரில் உட்கார்ந்தாங்க. பக்கத்தில் ஒரு அம்மா ஓதுவாரோட சேர்ந்து புத்தகம் இல்லாமல் முணுமுணுத்தாங்க.

பாட்டு நடுவில் நான் ஆயா காதில் அர்த்தம் சொல்லிக்கிட்டே வந்தேன். இது கார்த்திகை. இது தைப்பூசம். இது மாசியில் கடலுக்குப் போறது. கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பங்குனி உத்திரம் பாட்டு வந்தப்போ, "இதுதான் நம்ம திருவிழா ஆயா. இதைப் பார்க்காம போயிடுவியான்னு கேக்கறாரு"ன்னேன்.

ஆயா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் குளத்தைப் பார்த்தபடியே சொன்னாங்க. "அக்கா ஒரு வருஷம் விடாம பாத்திச்சுடா."

நிகழ்ச்சி முடிந்து வடக்கு மாட வீதியில் நடந்தோம். அதுக்குள்ளே தெரு முழுக்கத் தண்ணீர்ப் பந்தல் போட ஆரம்பிச்சிருந்தாங்க. நீர்மோர், பானகம், சாம்பார் சாதம், ரஸ்னா கூட. பதிகத்தில் முதல் விழாவே சோறு போடறதுதான்னு சொன்னேனே, அந்த ஒரு ஐட்டம் மட்டும் எந்தக் கோவில் இடிஞ்சாலும் நிற்காதுபோல. ஒரு டம்ளர் மோரை வாங்கிக்கொண்டு ஆயா ஒரு கடைப்படியில் உட்கார்ந்தாங்க. உட்கார்ந்த பிறகுதான் சொன்னாங்க.

அவங்க அப்பா, அதாவது எங்க கொள்ளுத்தாத்தா, சீக்கிரமே போய்ச் சேர்ந்துட்டார். வீட்டில் அஞ்சு பிள்ளைங்க. மூத்தவங்க பெரியாயா. டீச்சர் டிரெயினிங் முடிச்சு அப்போதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாங்க. ஒரு வரன் வந்தது. நல்ல இடம். மாப்பிள்ளை வீட்டில் வேலையை விடணும்னு சொன்னாங்க. வேலையை விட்டால் மீதி நாலு பேருக்கு யாரு சோறு போடுவாங்கன்னு இவங்க வேண்டாம்னுட்டாங்க. ஆயாவோட கல்யாணச் செலவு பெரியாயா சம்பளத்தில் வாங்கின கடன். தம்பி படிப்பும் அதே. எல்லாம் முடிந்தபோது அவங்களுக்கு வயசு முப்பத்தி எட்டு.

"அப்போ ஏன் ஆயா பேர் ராசின்னு சொல்றீங்க?"

"எங்க அம்மா சொல்லுவாங்க. யாராச்சும் கேட்டா என்னன்னு சொல்றது? நாங்க நாலு பேரும் நல்லா இருக்கணும்னு அவளை நிறுத்தி வெச்சோம்னா சொல்ல முடியும்?"

நான் பதில் சொல்லலை. என்கிட்ட இருந்த நன்னூல், லத்தீன், இரண்டாம் திருமுறை எதுவும் அந்த இடத்தில் உதவலை. மோர் டம்ளரை வாங்கித் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். கோவிலுக்குள்ளே பூம்பாவைக்கு ஒரு சின்ன சன்னதி இருக்கு. கற்பகாம்பாளைப் பார்க்க ஓடும் அவசரத்தில் நிறைய பேர் தாண்டிப் போயிடுவாங்க, நானும் பல வருஷம் தாண்டியிருக்கேன். ஆயா அங்கே போய் நின்னாங்க. வேண்டிக்கிற மாதிரி தெரியலை. யார்கிட்டயோ பேசிட்டு வந்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து குரூப்பில் அடுத்த வாய்ஸ் நோட். "வையிங்க. ஆனா வாய் நிறைய முழுப் பேரையும் கூப்பிடணும். பூமி, பூம்ஸ்னு நறுக்கினீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

மாமாவுக்கு இன்னும் ரெண்டு கவலை இருந்தது, நியாயமானதுதான். ஒண்ணு, வெளிநாடு போனால் வாயில் நுழையுமா. நான் சொன்னேன், நம்ம டீமில் போலந்துக்காரர் ஒருத்தர் பேரை நாம் ஆறு மாசம் பழகிச் சொல்லலையா, அதே மாதிரி அவங்களும் பழகட்டும். தமிழ் தெரியாதவங்களுக்கும் இந்தப் பேரில் கஷ்டமான சத்தம் ஒண்ணும் இல்லை. ழ இல்லை, ள இல்லை, ற இல்லை. ரெண்டாவது, ஆங்கில ஸ்பெல்லிங். அதை இப்பவே ஒரே மாதிரி முடிவு பண்ணி எல்லா ஆவணத்திலும் அதையே எழுதணும். பின்னாடி ஆதாரில் ஒண்ணு, பாஸ்போர்ட்டில் ஒண்ணுன்னு ஆனால் படுற பாடு என்னை மாதிரி ஆளைக் கேளுங்க, என் பேரில் ஒரு 'ஹெச்' கூடுதலா விழுந்து நான் அலைஞ்சிருக்கேன்.

இது கேட்கிற புது அப்பா அம்மாக்களுக்கு ஒரு உபயோகமான தகவல். பிறப்பைப் பதிவு பண்ணத்தான் 21 நாள் கெடு. பேரை அப்போவே சொல்லியாகணும்னு இல்லை. பேர் இல்லாமலே பதிவு பண்ணிவிட்டு, ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரைக்கும் சேர்க்க வழி இருக்கு. அதனால் கூகுள் ஷீட் வைத்து ராத்திரி ரெண்டு மணிக்குச் சண்டை போடாதீங்க. வீட்டுப் பெரியவங்களோட ஒரு நாள் நிதானமா உட்காருங்க.

போன ஞாயிற்றுக்கிழமை ஆயா, அக்கா, நான் மூணு பேரும் தி.நகர் போனோம். பாப்பாவுக்கு வெள்ளிப் பாலாடை வாங்க. பேர் பொறிச்சுத் தர்றோம்னு கடையில் சொன்னாங்க. பொறிக்கிற அண்ணன் கண்ணாடியை ஏத்திக்கிட்டு, இங்கிலீஷா தமிழான்னு கேட்டார். அக்கா தமிழ்னா. பேர் என்னம்மான்னார். அக்கா வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே ஆயா சொல்லிட்டாங்க, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி. அவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பார்த்து, விரலால் எண்ணி, "நாலு எழுத்துதானே"ன்னு கூலியில் கொஞ்சம் குறைச்சுக்கிட்டார்.

உங்க வீட்டிலயும் யாரும் இப்போ வைக்காத ஒரு பேர் இருந்தா, அது யாரோட பேர்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.